கூச்ச சுபாவக்காரன் தொழில் தொடங்கலாமா? திருமலையில் இருந்து ஒரு கேள்வி

உவர்மலைப் பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலைதான் ஊர், வயது 27, உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நான்கைந்து அறைகள் மட்டும் வைத்து நடத்தும் சின்ன விடுதிகள் நிறைய இருக்கின்றன. பலவற்றில் சமையல் ஆள் கிடையாது. விருந்தினர் காலைச் சாப்பாடு கேட்டால் முதலாளியே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரவுனுக்கு ஓடுவார், இல்லாவிட்டால் பாணும் முட்டையும் ஜாமும் வைத்துச் சமாளிப்பார். என் அம்மாவின் இடியப்பம், சம்பல், சொதிக்கு எங்கள் ஒழுங்கையில் நல்ல பெயர். காலை ஏழு மணிக்குள் இந்த விடுதிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில் ஒன்றைத் தொடங்கலாம் என்று யோசிக்கிறேன். கையில் மூன்று லட்சம் சேமிப்பு இருக்கிறது.

போன மாதம் தொழில்முயற்சியாளர்களுக்கான பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். வெற்றி பெறுபவர்களின் குணங்கள் என்று திரையில் பெரிய பட்டியல் போட்டார்கள். துணிச்சல், தலைமைத்துவம், தொலைநோக்கு, தன்னம்பிக்கை, அதிகாலையில் எழும்புதல், எவருடனும் இலகுவாகப் பழகுதல். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று எங்களுக்கு நாங்களே புள்ளி போட வேண்டும். எனக்கு வந்த மொத்தத்தை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. வேலையில் ஆட்களோடு கதைப்பேன், ஆனால் அது கேட்டதற்குப் பதில் சொல்வது. நானாகப் போய் ஒருவரிடம் "என் சாமானை வாங்குங்கள்" என்று சொல்ல வாய் வராது. பக்கத்தில் இருந்தவர் எல்லாவற்றுக்கும் ஒன்பதும் பத்துமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா ஓய்வு பெற்ற எழுதுவினைஞர். "அரச பரீட்சைக்குப் படி, உனக்கு வியாபாரக் குணம் இல்லை" என்கிறார். அவர் சொல்வது சரியோ என்றும் படுகிறது. இந்தக் குணங்களை வளர்த்துக்கொள்ள முடியுமா? முடியுமென்றால் எதில் தொடங்குவது? தொழில் செய்கிறவர்கள் சொன்னால் நல்லது.


தள்ளி நிற்பவன்:

சும்மா குழம்பாதீர்கள். காசும் ஆள் பலமும் இருந்தால் குணம் தானாக வரும். இல்லாதவனுக்கு எந்தப் பட்டறையும் உதவாது. அப்பா சொல்வதைக் கேளுங்கள்.


மாக்கடை அக்கா:

தம்பி, அந்தப் பட்டியலை வைத்து என்னைச் சோதித்தாலும் நான் பெயில்தான். அன்புவழிபுரத்தில் மிளகாய்த்தூள், கறித்தூள், சிவப்பரிசி மா அரைத்துப் பைக்கற் போட்டு விற்கிறேன். இப்போது என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். மேலே ஒருவர் காசு இருந்தால் குணம் வரும் என்கிறார். நான் தொடங்கியது இரண்டு காப்பை வங்கியில் அடகு வைத்து. அந்தக் காசில் ஒரு அரைக்கும் மெசினும் பைக்கற் ஒட்டும் மெசினும் வாங்கினேன், மிச்சத்துக்கு மிளகாய் எடுத்தேன்.

அன்றைக்கு என்னிடம் துணிச்சல் இருந்தது என்று இப்போது சனம் சொல்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காப்பு இரண்டும் ஏலத்தில் போனாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்பதுதான். தாலிக்கொடியைத் தொடவில்லை. காணி உறுதியைத் தொடவில்லை. எது போனால் தாங்கலாம், எது போகக் கூடாது என்று முதலே பிரித்து வைத்தால் பயம் பாதியாகும். உங்கள் மூன்று லட்சத்தையும் அப்படிப் பிரியுங்கள். உதாரணத்துக்கு 75,000 ரூபாய். அது முடியும்வரை செய்து பார்ப்பேன், முடிந்தால் நிறுத்துவேன் என்று ஒரு தாளில் எழுதித் திகதி போட்டு அப்பாவிடமே கொடுங்கள். ஓய்வு பெற்ற எழுதுவினைஞர் அல்லவா, கோப்பில் போட்டு வைப்பார். அவருடைய எதிர்ப்பும் கொஞ்சம் இறங்கும், சொல்லி வைக்கிறேன்.

அடுத்தது கொப்பி. என்னிடம் உருப்படியான பழக்கம் என்று ஒன்று இருந்தால் இதுதான், ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் கூடக் கதைப்பேன். பின்னேரம் மெசினை நிற்பாட்டிய பிறகு, வீட்டு வேலைக்குள் போவதற்கு முன்னால் எழுதுவேன். இரவு படுக்கும்போது எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டோம். என்ன வாங்கினேன், என்ன விலைக்கு, யாருக்கு எவ்வளவு கொடுத்தேன், யார் எவ்வளவு தரவேண்டும். இவ்வளவும் எல்லாக் கடைக்காரரும் எழுதுவதுதான். நான் கூடுதலாக வலது பக்கத்தில் ஒரு கோடு போட்டு, அன்றைக்கு ஆட்கள் சொன்னதை அப்படியே எழுதுவேன். "தூள் கறுப்பாக இருக்கிறது" என்று நிலாவெளியில் ஒரு சமையற்காரர் சொன்னது. "பைக்கற்றை வெட்டினால் பிறகு மூட முடியவில்லை" என்று ஒரு ரீச்சர் சொன்னது. "சாமான் நல்லது, லேபல்தான் கண்ணுக்குத் தெரியவில்லை" என்று ஒரு கடைக்கார ஐயா சொன்னது. என்னைப் பற்றிக் குறையாகச் சொன்னால் அன்றைக்கு எழுதக் கை வராது. அதைத்தான் முதலில் எழுதுவேன்.

அந்தக் கோட்டுக்கு வலது பக்கத்தில் இருந்துதான் என் வியாபாரத்தில் பாதி வந்தது. ஜூலை, ஓகஸ்ட்டில் கனடாவிலும் லண்டனிலும் இருந்து ஊருக்கு வருகிறவர்கள் திரும்பும்போது கறித்தூள் கொண்டுபோவார்கள். "பெட்டிக்குள் உடுப்பெல்லாம் தூள் மணக்கிறது" என்று ஒருவர் சொன்னது கொப்பியில் இருந்தது. கொஞ்ச நாளில் இன்னொருவரும் அதையே சொன்னார். உடனே ஒரு கிலோ பைக்கற்றுக்கு இரட்டை உறை போட்டேன், விலையும் கொஞ்சம் கூட்டினேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தொலைநோக்கு என்று உங்கள் பட்டறையில் சொன்னது எனக்கு இப்படித்தான் வந்தது. போன வருடக் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பேன், வரப்போகிற மாதம் அதில் இருக்கும்.

இனி உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். வாய் ஓயாமல் கதைக்கும் விற்பனைப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எதிரே நிற்பவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்பதற்குள் அடுத்த சாமானைப் பற்றித் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் வரவேற்பு மேசையில் நின்று கேட்டுப் பழகியவர். "வாங்குங்கள்" என்று சொல்ல வராவிட்டால் விடுங்கள். "காலைச் சாப்பாட்டுக்கு இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சின்ன விடுதிக்காரர் தன் கஷ்டத்தைக் கொட்டுவார், நீங்கள் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார். அந்தக் கேள்வியோடு கிழமையில் ஒரு இடத்துக்குப் போனால் போதும். ஒன்றுதான் நிபந்தனை, அந்தக் கிழமையைத் தவறவிடாதீர்கள்.

விலையில்தான் பெடியன்கள் விழுவார்கள். ஒரு பொதிக்கு மா, தேங்காய், கேஸ், பொதி கட்டும் சாமான், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 170 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 250க்குக் கொடுத்தால் 80 லாபம் என்று சந்தோஷப்படுவீர்கள். அம்மா விடியப்புறம் மூன்றரைக்கு எழும்பி மாக் குழைத்துப் பிழிகிறாரே, அவருடைய கூலி எங்கே? நீங்கள் ஏழு மணிக்குள் நிலாவெளிவரை ஓடுகிறீர்களே, அது எங்கே? அம்மா நாளைக்குக் காய்ச்சலில் படுத்தால் வேறு ஆளுக்கு நாட்கூலி கொடுத்துத்தான் பிழிவிக்க வேண்டும். அந்தக் கூலியை முதல் நாளில் இருந்தே விலைக்குள் போடுங்கள், மாத முடிவில் அம்மாவின் கையில் கொடுங்கள். அம்மாவுக்குச் சம்பளம் என்றால் சிரிப்பார். கொடுங்கள்.

எங்கள் ஊரில் இன்னொன்று இருக்கிறது, கொழும்பில் எடுக்கும் பட்டறையில் அதைச் சொல்ல மாட்டார்கள். திருமலையில் வருடம் இரண்டு துண்டு. மே தொடங்கி செப்டெம்பர் வரை கடல் படுத்திருக்கும், வெள்ளைக்காரர் வருவார்கள், புறாத்தீவுக்கு வள்ளம் ஓடும். நவம்பர் மழையோடு கடல் எழும்பினால் பல விடுதிகளில் அறைக் கதவைத் திறந்து காற்றுப் பிடிக்க விடுவதுதான் வேலை. உங்கள் தொழில் சாப்பாடு என்றாலும் உங்களுக்குப் படியளப்பது கடல். ஆகவே ஓகஸ்ட்டில் வரும் காசை ஓகஸ்ட் காசு என்று நினைக்கக் கூடாது. நான் சீசன் வரவில் ஒரு பங்கை அப்படியே ஒதுக்கி, பெப்ரவரி, மார்ச்சில் தம்பலகாமம் பக்கம் பெரும்போக அறுவடை முடிந்து நெல் விலை இறங்கும்போது அரிசி எடுக்கிறேன். உங்களுக்கு நெல் வாங்கும் தேவை இல்லை. ஆனால் மழைக்காலத்தில் யாருக்கு விற்பீர்கள்? அலுவலகங்கள், ரியூஷன் வகுப்புகள், ஆஸ்பத்திரியில் ஆள் வைத்திருப்பவர்கள் என்று இப்போதே தேடுங்கள். இன்னொரு விஷயம், கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் நுண்கடன் பக்கம் போகாதீர்கள். மழைக்காலத்திலும் அந்தக் கிழமை வரும்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 வரை போனது. செத்தல் மிளகாயில் பெரும் பகுதி இந்தியாவில் இருந்து வருவது, ஆகவே விலை என்ன ஆட்டம் ஆடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டும் வந்தது. கரண்ட் வரும் நேரத்தில் அரைத்தோம், அது சில நாள் நடுச்சாமம். ஓகஸ்ட்டில் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள், 2023 பெப்ரவரியில் மேலே இன்னொரு 66 வீதம். அந்த நேரம் என்னைக் காப்பாற்றியது 50 கிராம் பைக்கற். கால் கிலோ வாங்கிய வீடுகள் வாங்காமலே போகப் பார்த்தன, "சின்னதாக இல்லையா?" என்று கேட்டதும் கொப்பியில்தான் இருந்தது. விலையை லேபலில் அச்சடிக்காமல் கிழமைக்குக் கிழமை சீட்டு ஒட்டினேன். கோதுமை மாவின் விலை ஏறியபோது அரிசி மா தேடி வந்தவர்களும் உண்டு. சீனக்குடாவில் அவ்வளவு பெரிய கோதுமை மா ஆலை இருக்கும் ஊரில் நான் அரிசி மா விற்றேன்!

அதிகாலை எழும்புவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். இடியப்பத் தொழிலுக்கு எழும்பத்தான் வேண்டும், வேறு வழியில்லை. நான் ஆறரைக்குத்தான் எழும்புகிறேன்.


வளாகத்து மேசை:

அக்கா எழுதியதை வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நான் கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகத்தில் முகாமைத்துவம் படிப்பிக்கிறேன். இழக்கக்கூடியதை முதலில் பிரித்து வைப்பது பற்றி அவர் சொன்னதை 2001இல் சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். இந்தியாவில் பிறந்தவர், அமெரிக்காவில் படிப்பிக்கிறார். அனுபவம் நிறைந்த தொழில்முயற்சியாளர்கள் 27 பேரிடம் ஒரே கற்பனைத் தொழிலைக் கொடுத்து, யோசிப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். எவ்வளவு லாபம் வரும் என்று கணித்துவிட்டு இறங்குகிறவர்களாக அவர்கள் இருக்கவில்லை. கையில் என்ன இருக்கிறது, யாரைத் தெரியும், எவ்வளவு போனால் தாங்கலாம் என்பதில் இருந்துதான் தொடங்கினார்கள். தம்பியின் கையில் அம்மாவின் கைப்பக்குவம் இருக்கிறது, விடுதிக்காரரைத் தெரியும். தொடக்கத்துக்கு இது போதும்.

குணத்தை வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. மேற்கு ஆபிரிக்காவில் தோகோ நாட்டின் லோமே நகரில் சின்னத் தொழில் செய்யும் 1,500 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் கணக்கு, சந்தைப்படுத்தல் என்று வழக்கமான பயிற்சி. இன்னொரு பகுதிக்குத் தானாக முன்வந்து செய்யும் மனப்பழக்கத்தில் பயிற்சி. ஒருவர் சொல்லும்வரை காத்திராமல் தொடங்குவது, வரப்போவதை முன்கூட்டி யோசிப்பது, தடை வந்தால் வேறு வழி தேடுவது, இவைதான் பாடம். மூன்றாவது பகுதிக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வருடங்களுக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்ததில் மனப்பழக்கப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 வீதம் கூடியிருந்தது. வழக்கமான பயிற்சிக்கு 11 வீதம், அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கக்கூடிய அளவு. 2017இல் வெளிவந்த ஆய்வு இது. கூச்சம் போக வேண்டும் என்பது அந்தப் பாடத்தில் இல்லை, கவனித்தீர்களா?

"காசு இருந்தால் சரி" என்ற நண்பருக்கு நம் நாட்டுச் செய்தி. சுனாமிக்குப் பிறகு 2005இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல்லும் டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வுட்ரவ் ஆகியோரும் களுத்துறை, காலி, மாத்தறையில் சின்னத் தொழில் செய்பவர்களுக்குக் குலுக்கலில் 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்துப் பார்த்தார்கள், சிலருக்குக் காசாக, சிலருக்குப் பொருளாக. போட்ட காசுக்கு மாதம் 5 வீதம் அளவில் வருவாய் வந்தது, வங்கி வட்டியை விட எவ்வளவோ கூட. ஆகவே நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் அந்த ஏற்றம் ஆண்கள் நடத்திய தொழில்களில்தான். பெண்களின் தொழில்களில் சராசரியாக ஒரு ஏற்றமும் இல்லை. இரண்டு பக்கமும் கொடுத்த காசு ஒன்றுதான், அது போன இடத்தில் ஏதோ வேறு நடந்திருக்கிறது.


மாக்கடை அக்கா:

சேர், என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன், ஆய்வு இல்லாமல். பொம்பிளையின் கடைப் பெட்டியில் காசு விழுந்த அன்றே வீட்டுக்குத் தெரியும். பிள்ளையின் சப்பாத்து, மாமியின் மருந்து, கலியாண வீட்டு மொய். ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதனால்தான் எனக்கு மாதச் சம்பளம் என்று ஒரு தொகையை நானே வைத்தேன். வீட்டுக்கு அதில் இருந்துதான். மிச்சம் எனக்கும் சொந்தமில்லை, கடைக்குச் சொந்தம். ஆரம்பத்தில் வீட்டில் இதற்காக நல்ல சண்டை நடந்தது. தம்பி, உங்கள் அம்மா விஷயத்தில் நான் அவ்வளவு அழுத்திச் சொன்னதும் இதனால்தான்.


கிண்ணியா நானா:

தம்பி, மாக்கடை அக்கா சொன்னது எல்லாம் சரி, எனக்கு ஒரு இடத்தில் மட்டும் வித்தியாசமான கருத்து. கொப்பி உங்களுக்குத் தெரிவதற்கு. மற்ற ஆள் உங்கள் கொப்பியைப் பார்க்கப் போவதில்லை. அவருக்குத் தெரிவது நீங்கள் சொன்ன நேரத்துக்கு வந்தீர்களா என்பதுதான்.

நான் மீன் ஏற்றுகிற ஆள். அறக்குளா, பாரை, சூரை கூலர் லொறியில் பேலியகொடை மீன் சந்தைக்கும் கண்டிப் பக்கமும் போகும். மீன் யாவாரத்தில் பொய் சொல்ல ஐஸ் கரையும் நேரம் மட்டும்தான் இருக்கிறது. நடுவழியில் லொறி நின்றுவிட்டால் அங்கே காத்திருக்கும் ஆள் என்னைத் தேடி எடுக்கும் முன்னமே நான் அவருக்கு ஃபோன் எடுப்பேன். ராத்திரி இரண்டு மணியானாலும். "லொறி நின்றிட்டு, ரெண்டு மணித்தியாலம் பிந்தும், நீங்க வேற இடத்தில சாமான் எடுங்க" என்று நானே சொல்வேன். ஒரு நாள் யாவாரம் போகும். ஆனால் அடுத்த முறை என் சாமானுக்கு அவர் விலை பேச மாட்டார். கெட்ட செய்தியை நானே முதலில் சொல்வது வாப்பா பழக்கிவிட்டது. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது, அதுவரை கிண்ணியாவில் இருந்து ரவுனுக்குப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் கடப்போம். பாதை பிந்தினால் மீன் பிந்தும். அந்தக் காலத்தில் ஃபோன் இல்லை, வாப்பா முந்திப் போகிற யாராவது ஒரு ஆளிடம் சொல்லி அனுப்புவார்.

உங்களுக்குச் சாப்பாடு ஏழு மணி. ஏழேகாலுக்கு விருந்தாளி வேனில் ஏறிப் புறாத்தீவு போய்விடுவார். உங்கள் பைக் பஞ்சர் ஆனால் ஆறரைக்கே அந்த விடுதிக்காரருக்குத் தெரிய வேண்டும், அவர் பாணாவது வாங்கி வைப்பார். இது கூச்சக்காரருக்குக் கஷ்டம்தான், நான் மறைக்கவில்லை. வாங்குங்கள் என்று சொல்வதை விட இன்றைக்கு வர மாட்டேன் என்று சொல்வது கஷ்டம். பழகுங்கள்.

கடன் பற்றியும் ஒரு சொல். விடுதிக்காரர் "மாத முடிவில் தருகிறேன்" என்பார். ஒரு கிழமைக்கு மேல் விடாதீர்கள். முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால் கோபம் வராது. மூன்றாம் மாதம் சொன்னால் உறவு போகும், காசும் போகும்.

வேலையை இப்பவே விடாதீர்கள். ஆனால் உங்கள் ஹோட்டல் முதலாளிக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சின்ன ஊர், பின்னேரத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும்.


உவர்மலைப் பெடியன்:

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அக்கா, நானா, சேர், மிக்க நன்றி. 75,000 தாளை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "தொகையை எழுத்திலும் எழுது, இலக்கத்தில் மட்டும் எழுதக் கூடாது" என்றார். அது சம்மதமா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை.

ஹோட்டல் முதலாளியிடம் நாளைக்குச் சொல்லப் போகிறேன், அதற்கே கை நடுங்குகிறது. இன்னும் மூன்று சந்தேகம். முதல் விடுதிக்கு எந்த நேரத்தில் போவது? மாதிரிச் சாப்பாடு இலவசமாகக் கொடுக்கலாமா? பதிவு, சுகாதாரம் என்றெல்லாம் சொல்கிறார்களே, அதை முதல் நாளே செய்ய வேண்டுமா?


மாக்கடை அக்கா:

உங்கள் அப்பாவை எனக்குப் பிடித்துவிட்டது. எழுத்திலும் எழுதச் சொன்னால் அது சம்மதம்தான் தம்பி.

நேரம்: வெள்ளி பின்னேரமும் சனியும் போகாதீர்கள். போயா (பௌர்ணமி) விடுமுறையோடு சேர்ந்து வார இறுதி வந்தால் தெற்கில் இருந்து வேன் வேனாகச் சனம் வரும், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு என்று ஊரே நிறையும். அன்றைக்கு எந்த விடுதிக்காரரும் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். செவ்வாய், புதன், காலை பதினொரு மணி. ஆட்கள் அறையை விட்டுப் போயிருப்பார்கள், அடுத்தவர் வர நேரம் இருக்கும், அவர் தேநீரோடு உட்கார்ந்திருப்பார்.

மாதிரி: இலவசமாகக் கொடுங்கள், ஆனால் முதலாளிக்கு மட்டும், ஒரு தரம் மட்டும். விருந்தினருக்குப் போகும் முதல் பொதிக்கே காசு வாங்குங்கள். பாதி விலை என்று தொடங்கினால் அவருக்கு அதுதான் விலை, பிறகு நீங்கள் ஏற்றியதாகத்தான் சொல்வார். மாதிரி கொடுத்த மறுநாள் போய் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். "எதை மிச்சம் வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். சொதியை மிச்சம் வைத்திருந்தால் வெள்ளைக்காரருக்குச் சொதி எப்படிப் போகும் என்று யோசிக்கலாம். சம்பலில் உறைப்புக் கூட என்றால் இரண்டு விதமாகக் கட்டலாம்.

பதிவு: வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகம். கிராம உத்தியோகத்தரைப் பார்த்துவிட்டுப் போனால் என்னென்ன கடதாசி வேண்டும் என்று சொல்வார். சாப்பாட்டுச் சாமான் என்றபடியால் உங்கள் பகுதி பி.எச்.ஐ.யை (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அவர் வருவதற்கு முன் நீங்களே போய்ப் பாருங்கள். குசினியை எப்படி வைத்திருக்க வேண்டும், தண்ணீர், கழிவு, சாப்பாடு தொடுகிறவர்களின் மருத்துவச் சோதனை எல்லாம் அவரே சொல்வார். ஒளித்துச் செய்து பிடிபட்டால் முதலில் உங்களைக் கைவிடுவது அந்த விடுதிக்காரர்தான். பிறகு ஒரு காலத்தில் ஆள் வைத்தால், ஒரே ஒரு ஆள் என்றாலும், ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்தில் 8 வீதமும் உங்கள் பங்காக 12 வீதமும் கட்ட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் கையில் இருந்து இன்னும் 3 வீதம். இதையும் விலை போடும்போது மனதில் வையுங்கள்.

கொப்பிக்கு 80 பக்கக் கொப்பி வாங்க வேண்டாம், மட்டை தடித்த சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். குசினியில் கிடந்தால் தாங்கும்.


தள்ளி நிற்பவன்:

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் நானும் உவர்மலைதான். சனிக்கிழமை காலையில் வீட்டுக்கும் கொண்டுவந்து தருவீர்களா? ஐந்து பொதி. உறைப்பு நல்லாக வேண்டும்.


உவர்மலைப் பெடியன்:

தருவேன் அண்ணா. ஆனால் காசு அன்றைக்கே.


கிண்ணியா நானா:

அப்படிப் போடுங்க தம்பி! மாக்கடை அக்கா, நீங்கள் சிவப்பரிசி மா கிண்ணியாவுக்கு அனுப்புவீங்களா? எங்கள் பக்கம் நோன்பு காலத்தில் நல்லாப் போகும். கிலோ என்ன விலை?


மாக்கடை அக்கா:

எத்தனை கிலோ, எந்தத் திகதிக்கு, வறுத்ததா வறுக்காததா, பைக்கற்றா மூட்டையா என்று சொல்லுங்கள் நானா. அதற்குப் பிறகுதான் விலை. உங்கள் கூலர் லொறியில் மீனோடு சேர்த்து ஏற்றுவதாக இருந்தால் நான் தர மாட்டேன்.